ஒன்றரையும் முக்காலும்

எங்கள் வீட்டு அடுப்படிக்குத் தண்ணீர்க் குழாய் வந்த கதையை என் மாமனார் கடைசிவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லும் கதையில் இஞ்சு வரும், மில்லிமீட்டர் வரும், விருதுநகர் கடைக்காரரின் அறியாமை வரும், கொத்தனாரின் அலட்சியம் வரும். குடம் மட்டும் வராது. குடம் என் இடுப்பில் இருந்ததால் அவர் கண்ணில் படவில்லைபோல. கேட்கிறவர்கள் தலையாட்டிக்கொண்டே காபியைக் குடித்துவிட்டுப் போவார்கள். அந்தக் காபியையும் நான்தான் போடுவேன். ஆகவே விட்டுப்போனதை நான் சொல்கிறேன்.

அறுபதுகளின் பின்பாதி. நான் சிவகாசியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு நாரணாபுரத்தில். என் வீட்டுக்காரர் ஒரு வெடி கம்பெனியில் குழாய்ப் பிரிவுக்குப் போர்மேன். குழாய் என்றால் தண்ணீர்க் குழாய் இல்லை, ராக்கெட்டுக்கும் வெடிக்கும் மருந்து அடைக்கிற காகிதக் குழாய். இரும்புக் கம்பியில் பழுப்புக் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, பலகையில் உருட்டிக் கம்பியை உருவினால் குழாய். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் அதுதான். தண்ணீர் வருகிற குழாய் என்பது விருதுநகரில் இருப்பவர்களின் சொத்து.

மாமனார் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து, தலைமை ஆசிரியராகி, ஓய்வு பெற்றவர். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே கர்த்தருக்குள் நித்திரையாகிவிட்டார். ஆக வீட்டில் ஆண்கள் இரண்டு பேர், நான் ஒருத்தி. மருமகளாக வந்த நாளிலிருந்து தண்ணீர் என் இலாகா. பஞ்சாயத்துக் கிணறு தெருக்கடைசியைத் தாண்டி, தீப்பெட்டி கம்பெனிச் சுவர் ஓரமாகவே நடந்து போனால் வரும். காலையில் டியூட்டிக்குப் போகும் முன் நாலைந்து நடை, சாயங்காலம் வந்ததும் நாலைந்து நடை. வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது. அது கம்பெனிக்குப் போய்வரும்.

ஆஸ்பத்திரியில் என் வேலைகளில் ஒன்று, பார்க்க வரும் கர்ப்பிணிகளுக்குப் புத்தி சொல்வது. பெரும்பாலும் தீப்பெட்டியிலும் வெடியிலும் வேலை செய்கிற பெண்கள். "பாரம் தூக்காதீக" என்பேன். "அப்ப தண்ணிக்கு யாரு போவா நர்ஸம்மா?" என்று கேட்பார்கள். அது எதிர்ப்பேச்சு இல்லை. படித்தவள் சொல்கிறாளே, இதற்கும் ஒரு வழி வைத்திருப்பாள் என்று நம்பிக் கேட்பார்கள். நான் டானிக் பாட்டிலை எடுத்து நீட்டுவேன்.

எனக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. அதற்குக் குடம்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று காலையில் நான் தூக்கியது குடம்தான், வேறொன்றும் இல்லை. இதற்கு மேல் எழுதவில்லை.

மறுபடியும் உண்டானபோது டாக்டரம்மா வீட்டுக்காரரை வரச்சொல்லி என் முன்னாலேயே கண்டித்துச் சொன்னார். "இந்தத் தடவ இவங்க பாரம் தூக்கக் கூடாது. சாக்குப்போக்குச் சொல்லாதீங்க." அவர் ஆடிப்போய்விட்டார். சிவகாசியிலிருந்து வீடுவரை சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே என் கூட நடந்துவந்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவும் மகனும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேசினார்கள். பேசி முடித்து மாமனார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நாங்க ஒரு முடிவுக்கு வந்துட்டோம். வீட்டுக்குக் குழாய் போடப்போறோம்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அன்று ஜெபத்தில் இரண்டு பேர் பெயரையும் தனித்தனியாகச் சொல்லி நன்றி சொன்னேன். மறுநாள் விடியும் முன் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். குழாய் வருகிறவரை தண்ணீர் வேண்டுமே.

திட்டம் நல்ல திட்டம்தான். எங்கள் கொல்லைக்கு அடுத்தாற்போல் ஒரு தோட்டம். அதன் கிணற்றில் ஆயில் என்ஜின் ஓடும். கொல்லைச் சுவரை ஒட்டிச் செங்கல் தூண் எழுப்பி அதன்மேல் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டுவது, காலையில் என்ஜின் ஓடும்போது தோட்டத்துக்காரர் ரப்பர் டியூபைப் போட்டு அதை நிரப்பிவிடுவது, தொட்டியிலிருந்து அடுப்படிக்குக் குழாய் இழுப்பது. தோட்டத்துக்காரர் தங்கமான மனிதர், உடனே சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"தண்ணி விடுறேன் சார். ஆனா ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. ஒழுகாம நிக்கிதுன்னு மொதல்ல காட்டுங்க. அப்பறம் என்னியக் கூப்பிடுங்க."

எங்கள் பக்கத்தில் நியாயமான பேச்சுதான் அது. தண்ணீர் ஒழுகுவதைப் பார்க்கச் சகிக்காத சீமை. அந்த நியாயம் கடைசியில் என் இடுப்பில் வந்து உட்காரும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

கொத்தனார் நெஞ்சளவு உயரத்தில் தொட்டியைக் கட்டினார். அடியில் தண்ணீர் வெளியே வர ஓர் இரும்புக் குழாய்த் துண்டு வைக்க வேண்டும். எத்தனை இஞ்சு என்று அவரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. எங்கேயோ வேலை செய்து மிஞ்சின துண்டு அவர் சாக்குப்பையில் கிடந்தது. ஒன்றரை இஞ்சு. அதை வைத்துப் பூசிவிட்டுப் போய்விட்டார். சிமெண்டு இறுகினதும் வீட்டுக்காரர் விருதுநகர் போய்ப் பிளாஸ்டிக் குழாய் வாங்கி வந்தார். அது அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. துருப்பிடிக்காது, ஒரே ஆள் தோளில் வைத்துத் தூக்கி வந்துவிடலாம். சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று முக்கால் இஞ்சுக் குழாய். தெருவே வந்து தடவிப் பார்த்தது. இதில் மருந்து அடைத்தால் எப்படி வெடிக்கும் என்று கேட்டவர்களும் உண்டு.

அதன் ஒரு முனையை அடுப்படிக்குள் விட்டுத் திருகு வைத்துவிட்டு, மறுமுனையைத் தொட்டி வாயில் வைத்தார்கள். முக்கால் இஞ்சு ஒன்றரை இஞ்சுக்குள் நுழைந்து, சுற்றிலும் இடம் விட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. இரண்டு பேரும் குனிந்து கொஞ்ச நேரம் அதை ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"இடையில ஒண்ணு வேணும்" என்றார் மாமனார்.

அந்த ஒன்றுக்குக் கடையில் ரெடியூசர் என்று பெயர். ஒரு பக்கம் பெரிய வாய், மறுபக்கம் சின்ன வாய், பெரிய குழாயையும் சின்னக் குழாயையும் சேர்த்துவைக்கிற சாமான். மாமனாருக்கு அந்த இங்கிலீஷ் பெயரில் திருப்தி இல்லை. ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்துக் "குறைப்பான்" என்று பெயர் வைத்தார். பெயர் அருமையாக இருந்தது. சாமானைத் தேடுவதுதான் பாக்கி.

அரசாங்கம் இஞ்சை எடுத்துவிட்டு மெட்ரிக் அளவு கொண்டுவந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பிளாஸ்டிக் சாமானெல்லாம் மில்லிமீட்டரில்தான் வருகிறது என்று கேள்விப்பட்டதும் மாமனாருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. ஓய்வு பெறும்வரை பிள்ளைகளுக்கு அவர் நடத்தின பாடம் அது. ஓர் இஞ்சுக்கு இருபத்தைந்து புள்ளி நான்கு. அப்படியானால் ஒன்றரைக்கு முப்பத்தெட்டு, முக்காலுக்குப் பத்தொன்பது. வேட்டி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி விருதுநகர் போனார்.

கடைக்காரர் கேட்டாராம், "உள்ளளவா சார், வெளியளவா?"

"அளவுன்னா ஒண்ணுதான் இருக்கும்யா. உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு இருக்க அது என்ன மனுசனா?"

கடைக்காரரும் புதிதாகப் பிளாஸ்டிக் விற்கிறவர். அவருக்கும் நிச்சயமில்லை. முப்பத்தெட்டு இல்லை, நாற்பதுக்கு இருபது இருக்கிறது என்று ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். மாமனார் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார்.

அதன் பெரிய வாய் இரும்புக் குழாயின் மேலே ஏறவில்லை, உள்ளேயும் போகவில்லை. சின்ன வாய்க்குள் பிளாஸ்டிக் குழாய் நுழையவில்லை. விஷயம் இதுதான், இன்று குழாய் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இரும்பில் ஒன்றரை என்றால் அது உள்வாயின் அளவு, அதுவும் குத்துமதிப்பு. பிளாஸ்டிக்கில் மில்லிமீட்டர் என்றால் அது வெளிப்பக்கத்தின் அளவு. ஒருத்தரை உள்மனசை வைத்தும் இன்னொருத்தரை வெளிப்பகட்டை வைத்தும் அளந்து இரண்டு பேருக்கும் சம்பந்தம் பேசினால் எப்படிச் சேரும்? மாமனார் நாலு தரம் கணக்கைப் போட்டுப் பார்த்தார்.

"கணக்குல தப்பே இல்ல. குழாய்லதான் தப்பு" என்றார்.

பிறகும் விடவில்லை. பஸ் ஏறுவார், வேறொரு அளவு வாங்கி வருவார், அது ஒரு பக்கம் சேர்ந்தால் மறுபக்கம் சேராது. அடுப்படி ஜன்னலில் குறைப்பான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றைக் கவிழ்த்து நான் மெழுகுவத்தி நிறுத்திக்கொண்டேன். அதற்கு மட்டும் அளவு கச்சிதமாக இருந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து மாமனாரை வீட்டுக்காரர் சைக்கிளில் கூட்டிவருவார். கேரியரில் மாமனார் வருவார், அவர் மடியில் ரெடியூசர் வரும். குடம் மட்டும் அந்த சைக்கிளில் வந்தது இல்லை.

நான் நடந்துகொண்டிருந்தேன். நாலாம் மாதம், ஐந்தாம் மாதம். ஐந்தாம் மாதம் முழுக்க எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நடை முடிந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து பிள்ளை அசைகிறதா என்று காத்துக்கொண்டிருப்பேன். அசைந்தால் எழுந்து அடுத்த வேலையைப் பார்ப்பேன். எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொன்னால் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டே நாளு. கொளாய் வந்துரும்" என்பார். மனதார நம்பித்தான் சொல்வார்.

அவரைக் கொடுமைக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் கால் வீக்கத்துக்குத் தைலம் தேய்த்துவிட்டவர் அவர்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் அவரும் சாப்பிட மாட்டார். கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை எதுவானாலும் செய்வார். தெருவில் தெரிகிற வேலைதான் முடியாது. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டேன்.

"ஏங்க, கொடத்த நீங்க தூக்குனா என்ன?"

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே புரியாமல் என்னைப் பார்த்தார்.

"அதுக்குத்தான கொளாய் போடுறோம்?" என்றார்.

மாமனாரின் கணக்கு ஓய்ந்ததும் வீட்டுக்காரர் இறங்கினார். "நமக்குத் தெரியாத கொளாயா? இத நம்ம வழில செஞ்சிருவோம்" என்றார். அவர் வழி என்பது காகிதம். கம்பெனியில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் இறுக்கமாகச் சேரவில்லை என்றால் ரெடியூசரா தேடுவார்கள்? உள்ளே போகிற குழாயின்மேல் இன்னும் நாலு சுற்றுக் காகிதம் சுற்றுவார்கள், சேர்ந்துவிடும். அப்படியே பிளாஸ்டிக் குழாயின் நுனியில் பழுப்புக் காகிதத்தைப் பசை தடவிச் சுற்றிக்கொண்டே போனார். ஒன்றரை இஞ்சு வாய்க்குள் நூல் பிசகாமல் போகிற கனம் வந்ததும் நிறுத்தினார். வெயிலில் காயவைத்து, வார்னிஷ் அடித்து, மறுபடி காயவைத்தார். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. கம்பெனியில் அவர் பிரிவில் குழாய் உருட்டுகிற பெண்கள் வேலை முடிந்து போகிறபோது வந்து பார்த்து, "போர்மேன் கைவேல போர்மேன் கைவேலதான்" என்றார்கள்.

ஒழுகவில்லை என்று காட்டினால்தான் தோட்டத்துக்காரர் தண்ணீர் விடுவார். ஒழுகவில்லை என்று காட்டத் தொட்டியில் தண்ணீர் வேண்டும்.

"தொட்டி ரொம்பணும்" என்றார் வீட்டுக்காரர், தொட்டியைப் பார்த்துக்கொண்டே.

"ஆமா, ரொம்பணும்" என்றார் மாமனார், அவரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டே.

நான் குடத்தை எடுத்தேன். கிணற்றடியிலிருந்து கொண்டுவந்து, நெஞ்சளவு உயரத்துக்குத் தூக்கி, தொட்டியில் கவிழ்த்தேன். இரண்டு பேரும் குழாய் சேருகிற இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இன்னும் ஒரு கொடம், இன்னும் ஒரே கொடம்" என்றார்கள். தொட்டி பாதி நிறைந்தது. ஒரு சொட்டு இல்லை. அடுப்படிக் குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் வந்தது. லேசான நீல நிறத்தில் வந்தது. கம்பெனிப் பசையில் கரப்பான் அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள், அதன் நிறம். நாங்கள் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே கொல்லையில் தொபக்கென்று சத்தம் கேட்டது. காகிதம் தண்ணீரைக் குடித்து ஊறிக் கழன்றுவிட்டது. நான் சுமந்தது அவ்வளவும் வீட்டுக்காரரின் பாதத்தைக் கழுவிக்கொண்டு தரைக்குள் போனது.

"பசதான் சரியில்ல" என்றார்.

பிறகு பசைக்குப் பதிலாகத் தார். தாருக்குப் பிறகு துணியும் மெழுகும். ஒவ்வொன்றும் காய வேண்டும், ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும், ஒவ்வொரு சோதனைக்கும் தொட்டி நிறைய வேண்டும். குழாய் இல்லாத காலத்தில் நான் வீட்டுக்கு மட்டும்தான் தண்ணீர் சுமந்தேன். குழாய் வருகிறது என்றானதும் வீட்டுக்கும் சுமந்தேன், குழாய்க்கும் சுமந்தேன். கிணற்றடியில் இருந்த பெண்களுக்கு அது தெரியும். "நர்ஸம்மா, இன்னைக்கு வீட்டுக்கா, கொளாய்க்கா?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு எனக்கு முதலில் இறைத்துக் கொடுத்து, குடத்தை இடுப்பில் ஏற்றியும் விடுவார்கள்.

இதற்குள் தீபாவளி சீசன் வந்துவிட்டது. கம்பெனி வாசலில் லோடு ஏற்ற லாரிகள் நின்றன. "இனி சீசன் முடிஞ்சுதான் கொளாயத் தொட முடியும். இப்ப செத்தாக்கூட லீவு கெடைக்காது" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஆனாலும் மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒரு தடவை சாக்குத்துணியைச் சுற்றிப் பார்த்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் அம்மா மல்லாங்கிணற்றிலிருந்து என்னைப் பார்க்க வந்தார். கொல்லைப்பக்கமாக வந்தவர், ஏழாம் மாத வயிற்றோடு நான் குடத்தை நெஞ்சுக்கு மேலே தூக்கித் தொட்டியில் ஊற்றுவதையும், இரண்டு ஆண்கள் கீழே குனிந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தார். குடத்தை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"துணிமணிய எடுத்து வய்யி. போவோம்."

மாமனார் பதறிப்போனார். "ஒம்பதாம் மாசம்தான சம்பந்தி வழக்கம்?"

"வழக்கம் ஒம்பதுதான் சம்பந்தி. எம் மக ஏழுல வாரா."

"இன்னும் ரெண்டே நாளு அத்த, கொளாய் வந்துரும்" என்றார் வீட்டுக்காரர்.

"வரட்டும் மாப்பிள. அவசரமே இல்ல. நீங்க மெதுவாப் போடுங்க."

ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறினோம். மல்லாங்கிணறு நாரணாபுரத்தைவிடக் காய்ந்த ஊர். ஆனால் அங்கே என் அப்பா இருந்தார். அப்பாவுக்குக் குழாயைப் பற்றி ஒன்றும் தெரியாது. சைக்கிள் கேரியரின் இரண்டு பக்கமும் குடத்தைக் கயிறு போட்டுக் கட்டத் தெரியும். காலையில் கட்டிக்கொண்டு போவார், நிறைத்துக்கொண்டு வருவார், இறக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போவார். அதைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசினதில்லை. நான் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் குடங்களைப் பார்த்தே இரண்டு நாள் அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தண்ணி வந்துருச்சு" என்றார்.

நான் கிளம்பிப் போன ஒரு வாரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. எப்படி வந்தது என்று அவர் பாதி சொன்னார். மீதியைக் கிணற்றடிப் பெண்கள் பின்னால் எனக்கு ரசித்து ரசித்துச் சொன்னார்கள்.

நான் நிறைத்துவைத்த தண்ணீர் மறுநாள் சாயங்காலத்தோடு தீர்ந்துவிட்டது. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் குடத்தோடு தெருவில் போக முடியாது. ஆகவே அதற்கு மறுநாள் விடியும் முன் வீட்டுக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குடத்தோடு போனார். ஆள் இருக்காது என்று நினைத்துப் போயிருக்கிறார். பெண்கள் தண்ணீர் எடுக்கிற நேரமே அதுதான் என்பது அவருக்குத் தெரியாது. கிணற்றடி நிறையக் கூட்டம். அதில் பாதிப் பேர் அவர் பிரிவில் குழாய் உருட்டுகிறவர்கள்.

"வாங்க போர்மேன். கொளாய்க்கா, வீட்டுக்கா?"

இடுப்பில் வைக்கத் தெரியாமல் தோளில் வைத்துப் பாதி சிந்தி, நனைந்த சட்டையோடு வீடு வந்தார். மறுநாளும் போனார். அன்று கம்பெனியில் அவர் உள்ளே நுழைந்ததும் உருட்டுகிற பலகைகளெல்லாம் ஒரு நிமிஷம் நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி ஓடினவாம். மூன்றாம் நாள், லாரிகள் வாசலில் நின்றுகொண்டிருந்த அந்த சீசனில், செத்தாலும் கிடைக்காத லீவு அவருக்குக் கிடைத்துவிட்டது.

அன்று அவர் கணக்குப் போடவில்லை. தொட்டியில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாயின்மேல் காகிதத்தைச் சுற்றிப் பசை போட்டுக் காயவைத்து உருவினார். அந்தக் காகிதக் குழாய்க்குள் இறுக்கமாகப் போகிற மாதிரி இன்னொரு காகித உருளை உருட்டினார். அதாவது தொட்டியில் இருக்கிற இரும்புக்குக் காகிதத்தில் ஓர் இரட்டைப் பிள்ளை, அதே பருமன், ஒரு மயிரிழை கூடுதல் குறைச்சல் இல்லை. அதையும் பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டையும் பையில் போட்டுக்கொண்டு விருதுநகர் போனார்.

"என்ன அளவு வேணும்?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "அளவு தெரியாது. இதுல மாட்டுறதக் குடுங்க" என்றாராம்.

கடையில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார்கள். ஒரே சாமானில் சேரவில்லை. பெரியதிலிருந்து நடுத்தரத்துக்கு ஒன்று, நடுத்தரத்திலிருந்து சின்னதுக்கு ஒன்று என்று இரண்டு ரெடியூசர்களை அடுத்தடுத்துப் போட்டால் சேர்ந்தது. பிளாஸ்டிக்கை ஒட்டுகிற பசை ஒரு டப்பா கொடுத்து, "நெருப்புக்கிட்ட மட்டும் வச்சிராதீக" என்று எச்சரித்திருக்கிறார் கடைக்காரர். "எங்க ஊர்ல நெருப்புக்கிட்ட எதத்தான் வைக்க முடியும்?" என்றாராம் இவர். இரும்பின்மேல் கொஞ்சம் சணலைச் சுற்றிப் பெரிய வாயை ஏற்றி இறுக்கினார். மற்ற இடங்களில் பசை. இப்போது சோதிக்கத் தொட்டி நிறைய வேண்டும். சைக்கிளை எடுத்தார். கேரியரின் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டினார். பட்டப்பகலில், தெரு முழுக்கப் பார்க்க, போய்ப் போய் நிறைத்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. தோட்டத்துக்காரர் வந்து குழாய் சேர்ந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்து, ஈரமில்லாத கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, என்ஜினை ஓட்டப் போனார்.

இதையெல்லாம் சொல்லி முடித்து அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சந்தோஷப்படுவேன் என்று காத்திருந்தார்.

"இந்த யோசன முன்னாடியே வரலையா?" என்று கேட்டேன்.

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"முன்ன அம்புட்டு அவசரமாத் தெரியலையே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அன்று வந்த கோபம் இன்னும் முழுக்கத் தீரவில்லை. அவர் போய்ச் சேர்ந்து இவ்வளவு காலமான பிறகும், சில நாள் குழாயைத் திறக்கும்போது அவரோடு ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் பாத்திரத்தை வைக்கிறேன்.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல தொண்டை. மூன்று மாதம் கழித்து அவளைத் தூக்கிக்கொண்டு நாரணாபுரம் வந்து அடுப்படிக்குள் போனேன். குழாயைத் திருகினேன். தண்ணீர் தெளிவாக, நிறமில்லாமல், தானாக வந்தது. பிள்ளையின் காலை அதில் நனைத்தேன். அவள் வீறிட்டு அழுதாள். நிறுத்த மனம் வராமல் நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். முன்கட்டில் மாமனார் யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

லீவு முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போன முதல் வாரம் தீப்பெட்டி கம்பெனிப் பெண் ஒருத்தி வந்தாள். ஆறாம் மாதம், கால் வீங்கியிருந்தது. வழக்கம்போல, "பாரம் தூக்காதீக" என்றேன்.

"அப்ப தண்ணிக்கு யாரு போவா நர்ஸம்மா?"

டானிக் பாட்டிலுக்குப் போன கையை எடுத்துவிட்டேன்.

"ஒங்க அம்மா வீடு எங்கன இருக்கு?"

"சூலக்கரை."

"நாளைக்கே கெளம்பிப் போயிருங்க."

"நான் போயிட்டா இங்கன வீட்டுல தண்ணிக்கு என்ன செய்வாக?"

"நீங்க போங்க" என்றேன். "கொளாய் தானா வரும்."